கணவாயைக் கடந்த பழைய சைக்கிள்

‘மவுண்டன் பைக்’ என்னும் பெயர் இன்று நம் ஊர்ச் சிறுவர்களுக்கும் தெரிந்த பெயராகிவிட்டது. தடித்த டயர், முன்சக்கரத்தின் மேல் இரண்டு ஸ்பிரிங், கைப்பிடியில் கியர் மாற்றும் விசை, சட்டம் முழுவதும் பளபளக்கும் எழுத்துகள். இவை அமைந்த சைக்கிளைக் கடைக்காரர் அந்தப் பெயர் சொல்லித்தான் விற்கிறார். மலைக்கும் இந்த வண்டிக்கும் என்ன உறவு? எந்த மலையில் இது பிறந்தது? யார் இதைப் பெற்றெடுத்தார்கள்? வாங்குபவர் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை. அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லி, அதிலிருந்து நமக்குரிய பாடம் ஒன்றை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைச் சைக்கிள் என்பது பிறர் கழித்துப்போட்ட பழைய சைக்கிளிலிருந்து பிறந்தது. அப்படியிருக்க, கையிலுள்ள நல்ல சைக்கிளைத் துருப்பிடிக்க விட்டுவிட்டு, மலைச் சைக்கிளின் தோற்றத்தை மட்டும் விலைகொடுத்து வாங்குவது வரலாற்றைத் தலைகீழாக்கும் செயலாகும். நம் கல்லூரியில் இன்று நடப்பது இதுவே.

முத்துக் கணவாய்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரின் நடுவே, கிரெஸ்டட் பியூட், ஆஸ்பென் என்று இரண்டு ஊர்கள் உள்ளன. இரண்டுமே சுரங்கத்தால் வளர்ந்தவை. ஒன்றில் நிலக்கரி, மற்றொன்றில் வெள்ளி. இரண்டுக்கும் இடையே பெருமலை நிற்கிறது. 1880களில் கிரெஸ்டட் பியூட்டுக்கு ரயில் வந்துவிட்டது, ஆஸ்பெனுக்கு வரவில்லை. எனவே ஆஸ்பென் பக்கத்து வெள்ளித் தாதுவை மலைக்கு இப்பால் கொண்டுவந்து ரயிலில் ஏற்ற ஒரு பாதை அமைத்தார்கள். அந்தப் பாதை மலைமுகட்டைக் கடக்கும் இடமே பேர்ல் கணவாய். தமிழில் முத்துக் கணவாய் என்று சொல்லிக்கொள்ளலாம்.

1887இல் ஆஸ்பெனுக்கே ரயில் போய்ச் சேர்ந்தது. பாதைக்கு வேலை போயிற்று. 1893இல் வெள்ளி விலை வீழ்ந்தது, ஆஸ்பெனும் நலிந்தது. 1952இல் கிரெஸ்டட் பியூட்டின் பெரிய நிலக்கரிச் சுரங்கத்தையும் மூடினார்கள். யாருக்கும் தேவைப்படாத ஊரும், யாருக்கும் தேவைப்படாத பாதையுமாக அவை கிடந்தன. மலைச் சைக்கிளின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்தக் கணவாயின் உயரம் 12,705 அடி, அதாவது ஏறத்தாழ 3,870 மீட்டர். நம் மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். கிரெஸ்டட் பியூட் ஊரே தொட்டபெட்டாவைவிட உயரமான இடத்தில் இருக்கிறது என்றால் மற்றதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். கணவாயின் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. சமவெளியில் ஒருமுறை மூச்சிழுத்தால் கிடைக்கும் உயிர்க்காற்று அங்கே ஒன்றரை மூச்சுக்குத்தான் கிடைக்கும். ஆண்டின் பெரும்பகுதி அந்த வழி பனிக்குள் கிடக்கும். கோடையின் பிற்பகுதியில்தான் வழி திறக்கும்.

பாதையின் நீளம் ஏறத்தாழ 38 மைல், நம் கணக்கில் 60 கிலோமீட்டர். கிரெஸ்டட் பியூட்டிலிருந்து புறப்பட்டால் முதலில் பிரஷ் கிரீக் என்னும் ஓடை. பாதை அந்த ஓடையை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் குறுக்கே கடக்கிறது. பாலம் கிடையாது, தண்ணீரில் இறங்கித்தான் போகவேண்டும். பிறகு காடு. பிறகு மரங்களே வளராத உயரம். அதற்குமேல் உடைந்த கற்களும் புல்லும் மட்டுமே. உச்சியைத் தாண்டினால் மறுபுறம் செங்குத்தான கல்வழி இறங்கி, ஆஷ்கிராஃப்ட் என்னும் கைவிடப்பட்ட சுரங்க ஊரைக் கடந்து, ஆஸ்பென் போய்ச் சேரும். சாலை வழியாகச் சுற்றிப் போனால் ஏறத்தாழ 100 மைல் என்பதால், இந்தக் கணவாய் எவ்வளவு குறுக்கு வழி என்பதும், குறுக்கு வழியாக இருந்தும் ஏன் யாரும் அதில் போவதில்லை என்பதும் விளங்கும்.

1976ஆம் ஆண்டின் வீம்பு

சுரங்கம் மூடிய பின் கிரெஸ்டட் பியூட்டில் தங்கிய இளைஞர்கள் தார் போடாத தெருக்களில் ஓட்டுவதற்குப் பழைய சைக்கிள்களை வைத்திருந்தார்கள். அவற்றுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘கிளங்கர்’. நம் வழக்கில் ஓட்டை வண்டி. ஒருநாள் ஆஸ்பெனிலிருந்து மோட்டார் சைக்கிளில் சிலர் கணவாயைக் கடந்து வந்து, ஊர் மதுக்கடை வாசலில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, தங்கள் வீரத்தைப் பறைசாற்றினார்களாம். “நீங்கள் மோட்டார் சைக்கிளில் வந்தீர்கள், நாங்கள் ஓட்டை வண்டியிலேயே உங்கள் ஊருக்கு வந்து காட்டுகிறோம்” என்று இவர்களுக்கு வீம்பு பிறந்தது என்று கதை சொல்கிறார்கள். கதையில் மிகை எவ்வளவோ, ஆனால் பயணம் நடந்தது உண்மை. 1976 செப்டம்பரில் ஏறத்தாழ 15 பேர் புறப்பட்டு, வழியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் கணவாயைக் கடந்து ஆஸ்பென் சேர்ந்தார்கள்.

அந்த வண்டிகளை எண்ணிப் பாருங்கள். கியர் கிடையாது. ஒன்றொன்றும் 20 கிலோவுக்கு மேல் கனம். பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரம் நிற்கும் ஒரே பிரேக். ஏற்றத்தில் ஓட்டியதைவிடத் தள்ளியதே அதிகம். இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்கச் சக்கரத்தின் நடுப்பகுதி கொதித்தது. அந்தப் பயணத்தை நடத்தியது எந்தத் தொழிற்சாலையும் அன்று. எந்த ஆராய்ச்சிக் கூடமும் அன்று.

அதே காலத்தில், அங்கிருந்து வெகுதொலைவில் கலிபோர்னியா மாநிலத்தின் மரின் பகுதியிலும் இதே பித்துப் பிடித்த சிலர் இருந்தார்கள். 1930களிலும் 40களிலும் ஷ்வின் போன்ற நிறுவனங்கள் சிறுவர்களுக்காகச் செய்த, தடித்த டயர் போட்ட கனத்த சைக்கிள்களைப் பழைய சாமான் குவியல்களிலிருந்து தேடி எடுத்துவந்து, மலைச்சரிவில் இறக்கி விளையாடினார்கள். 1976 அக்டோபர் 21ஆம் நாள் அங்கே ஒரு பந்தயம் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவில் 1,300 அடி இறங்கும் மண்பாதை அது. பந்தயத்துக்கும் பாதைக்கும் ‘ரீபேக்’ என்று பெயர். காரணம் கேட்டால் நம் ஊர் சைக்கிள் கடைக்காரர் சிரிப்பார். ஒருமுறை இறங்கினாலே சூட்டில் ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். உடனே கழற்றி, பால்ரஸ் குண்டுகளைத் துடைத்து, புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அந்த ‘மறுபடி அடைத்தல்’தான் ரீபேக். நம் ஊரில் ஓவராயில் என்று சொல்லி ஆண்டுக்கொருமுறை செய்யும் வேலையை அவர்கள் ஒவ்வோர் இறக்கத்துக்கும் செய்தார்கள்.

பிரேக் தீய்ந்ததால் வேறு பிரேக் வைத்தார்கள். ஏற முடியாததால் கியர் வைத்தார்கள். பழைய சட்டம் முறிந்ததால், 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் இந்த வேலைக்கென்றே புதுச் சட்டம் ஒன்றைத் தம் கையால் செய்தார். 1978இல் ஜோ பிரீஸ், சார்லி கெல்லி, கேரி ஃபிஷர், வெண்டி கிராக் என்னும் பெண்மணி முதலியோர் கலிபோர்னியாவிலிருந்து கிரெஸ்டட் பியூட்டுக்கு வந்து, ஊர்க்காரர்களோடு சேர்ந்து பேர்ல் கணவாயைக் கடந்தார்கள். அந்நாட்களின் பயணங்களை இன்று நாம் படமாகப் பார்க்க முடிகிறதென்றால், அதற்கு வெண்டி கிராக்கின் கேமராவும் ஒரு காரணம். அடுத்த ஆண்டே, 1979இல், கெல்லியும் ஃபிஷரும் ‘மவுண்டன் பைக்ஸ்’ என்ற பெயரில் சிறு வணிகம் தொடங்கினார்கள். 1981இல் பெரிய நிறுவனம் ஒன்று தொழிற்சாலையில் செய்த மலைச் சைக்கிளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் ஓட்டம் ஒரு போட்டியாகவே இடம்பெற்றது. ஓட்டை வண்டியில் பிறந்த வீம்பு இருபதே ஆண்டுகளில் ஒலிம்பிக் மேடை ஏறியது என்றால் மிகையாகாது.

தள்ளுவது இழுக்கா?

இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்தது, இறங்கித் தள்ளுவதை அவர்கள் யாரும் இழுக்காகக் கருதவில்லை என்பதே. இது அமெரிக்காவில் தோன்றிய பண்பும் அன்று. 1919 மார்ச் மாதத்தில், ‘வேஃபேரர்’ என்னும் புனைபெயரில் எழுதிவந்த ராபின்சன் என்பவர், தோழர்களோடு வேல்ஸ் நாட்டின் பெர்வின் மலையைப் பனிக்காலத்தில் சைக்கிளுடன் கடந்தார். முழங்கால் ஆழப் பனியில் சைக்கிளைத் தள்ளியும் தூக்கியும் போன அந்தப் பயணத்தை அவர் ஒரு சைக்கிள் இதழில் எழுதினார். அதைப் படித்த தலைமுறை, தார்ச்சாலையை விட்டு மலைவழியில் சைக்கிளோடு நடக்கப் பழகியது. 1955இல் இங்கிலாந்தில் இதற்கென்றே ‘ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்’ என்னும் சங்கமும் தோன்றியது. அவர்களிடம் இருந்தவை சாதாரணச் சைக்கிள்களே.

நம்மிடையே நிலைமை என்ன? மேம்பாலத்து ஏற்றத்தில் ஒருவன் இறங்கித் தள்ளினால், பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவன் ஒலியெழுப்பி நகைக்கிறான். சைக்கிளில் வருபவன் ஏழை. தள்ளிக்கொண்டு வருபவன் ஏழையிலும் ஏழை என்று ஓர் எண்ணம் நம் மனத்தில் ஊறிக் கிடக்கிறது.

இதை ஏட்டளவில் பேசவில்லை. சென்ற விடுமுறையில் நானும் வகுப்புத் தோழர் இருவரும், பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டிகளிலேயே சேலத்திலிருந்து ஏற்காடு ஏறினோம். புறப்படுமுன் கடையில் கொடுத்து ஓவராயில் செய்து, புதுப் பிரேக் கட்டை போட்டுக்கொண்டோம். அந்த மலைச்சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. பாதி வழி மிதித்தோம். பாதி வழி தள்ளினோம். நடுவழித் தேநீர்க் கடையில் பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து, “ஏம்ப்பா, பஸ்ஸுக்குக் காசில்லையா?” என்று கேட்டார். “காசும் இருக்குதுங்க, காலும் இருக்குதுங்க” என்றான் தோழன். பெரியவர் வாய்விட்டுச் சிரித்து, தம் கணக்கில் எங்களுக்கு வடை வாங்கித் தந்தார். இறங்கும்போது மூன்று நான்கு வளைவுக்கு ஒருமுறை நின்று, சூடேறிய ரிம் ஆறியபின்தான் நகர்ந்தோம். ரீபேக் பாதைக்காரர்கள் பட்ட பாட்டின் சிறு சாயலை அங்கே கண்டோம். மேலே போய்ச் சேர்ந்தபோது அது கியர் இல்லாத சைக்கிள் என்பது ஒரு குறையாகவே தோன்றவில்லை.

மறுப்பும் விடையும்

“கியர் வண்டி நல்லதுதானே? நல்லதை வாங்குவதில் என்ன தவறு?” என்று நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. கியரின் பயனை நான் மறுக்கவில்லை. எடுத்துக்காட்டாக, முன்பல்சக்கரத்தில் 44 பல்லும் பின்பல்சக்கரத்தில் 18 பல்லும் இருக்கும் சைக்கிளில் மிதிகட்டை ஒருமுறை சுற்றினால் சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்று சுற்றும். சமவெளிக்கு அது சரி. ஏற்றத்தில் தொடை வலிக்கும். மலைச் சைக்கிளில் முன்னால் 22 பல், பின்னால் 34 பல் என்று மாற்றிக்கொண்டால், ஒரு மிதிக்குச் சக்கரம் முக்கால் சுற்றுகூடச் சுற்றாது. வேகம் குறையும், ஆனால் செங்குத்தையும் அமர்ந்தபடியே ஏறலாம். ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ குடியிருந்து நாள்தோறும் ஏறி இறங்கும் மாணவனுக்கு அத்தகைய வண்டி ஆடம்பரமன்று; தேவை.

ஆனால் நம் கல்லூரிக்கு வரும் வழி எது? சமவெளி. வரும் தொலைவு பெரும்பாலோர்க்கு 10 கிலோமீட்டருக்குள். அந்த வழிக்குத் தடித்த டயர் சுமையே. காற்றுச் சற்றுக் குறைந்தாலும் மிதிப்பு கனக்கும். மலிவான முன் ஸ்பிரிங் நம் உழைப்பில் ஒரு பங்கைத் தானே விழுங்கிக்கொள்ளும். இவற்றில் பலவற்றுக்குக் கேரியர் இல்லை. தங்கையை ஏற்றிக்கொண்டு வர முடியாது. ரேஷன் அரிசியை வைத்துக் கட்ட முடியாது. மட்கார்டு இல்லை, மழை நாளில் முதுகெல்லாம் சேறு. செயின் மூடி இல்லை. புடவையோ வேட்டியோ கட்டியவர் ஏற முடியாது. இத்தனை குறைகளையும் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து, பெற்றோரின் கூலிப் பணத்திலிருந்து வாங்குகிறோம். அதே வேளையில், கேரியரும் மட்கார்டும் மணியும் பூட்டும் உள்ள சைக்கிள் வீட்டுத் திண்ணையோரம் துருப்பிடிக்கிறது. அல்லது பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகிறது. முதலில் மலைச் சைக்கிள். அது அலுத்தபின் தவணையில் மோட்டார் சைக்கிள். இரண்டு ஆண்டில் பழைய சைக்கிளின் நினைவே இருப்பதில்லை.

கிரெஸ்டட் பியூட் இளைஞர்கள் வாங்கியவர்களல்லர், திருத்தியவர்கள். முறிந்ததைப் பற்றவைத்தார்கள், தீய்ந்ததை மாற்றினார்கள், போதாததைக் கூட்டினார்கள். ஏன் முறிந்தது, ஏன் தீய்ந்தது என்று ஒவ்வொரு முறையும் கேட்டதால்தான் புது வண்டி பிறந்தது. நாம் அந்தக் கேள்விகளை விட்டுவிட்டு விடையை மட்டும் விலைக்கு வாங்குகிறோம். பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர்களும், சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கத் தெரிந்தவர்களும் நம் வகுப்புகளில் எத்தனை பேர் என்று ஒவ்வொருவரும் தம் வகுப்பில் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். இயற்பியல் வகுப்பில் உராய்வைப் பற்றி எழுதிப் பத்து மதிப்பெண் பெறும் நாம், உராய்வால் தேய்ந்த கோனை மாற்றக் கடைத்தெருவுக்கு ஓடுகிறோம்.

செய்ய வேண்டியது

குறை கூறிவிட்டு ஒதுங்குவது முறையன்று. எளிதில் நடக்கக்கூடிய இரண்டை முன்வைக்கிறேன்.

ஒன்று: நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில், சைக்கிள் நிறுத்தத்தை ஒட்டி மாதத்தில் ஒரு நாள் பழுதுபார்க்கும் முகாம் நடத்தலாம். ஒரு காற்றடிக்கும் பம்பு, ஒரு ஸ்பேனர் வரிசை, பஞ்சர் ஒட்டும் பசை, ஒரு டப்பா கிரீஸ், கொஞ்சம் மண்ணெண்ணெய். இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதன்று. கல்லூரிச் சாலையில் கடை வைத்திருக்கும் அனுபவமிக்க சைக்கிள் தொழிலாளர் ஒருவரை அழைத்து, அவருக்குரிய ஊதியமும் மரியாதையும் கொடுத்து, நம் மாணவ மாணவியர்க்குக் கற்றுத்தரச் சொல்லலாம். அன்று ஒரு நாளாவது அவர் ஆசிரியர், நாம் மாணவர்.

இரண்டு: இறுதியாண்டு முடித்துச் செல்வோரும், மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டோரும் தங்கள் பழைய சைக்கிளை இரும்புக் கடைக்குப் போடாமல் கல்லூரியில் ஒப்படைக்கலாம். முகாமில் அதைச் செப்பனிட்டு, பேருந்து வராத ஊர்களிலிருந்து நடந்து வரும் முதலாண்டு மாணவ மாணவியர்க்கு வழங்கலாம். காலை முதல் வகுப்பைத் தவறவிடுவோர் பலருக்கு அறிவைவிட, ஆர்வத்தைவிட, வண்டியே குறை. ஒரு சைக்கிள் அவர்களுக்கு ஆண்டு முழுவதும் முதல் வகுப்பை மீட்டுத் தரும்.

மலையேறும் ஆசை உள்ளவர்கள் ஏறட்டும். நானும் வருகிறேன். ஆனால் அதற்குப் புது வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இருக்கும் வண்டிக்குக் கிரீஸ் அடைத்து, பிரேக்கைச் சரிபார்த்து, ஏற முடிந்தவரை ஏறி, முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுவோம். முகாமுக்கும் சைக்கிள் வழங்கலுக்கும் வரும் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே ஆவன செய்யுமாறு கல்லூரி முதல்வர் அவர்களையும், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் அவர்களையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முதல் முகாமுக்கு என் சைக்கிளையும் என் இரண்டு கைகளையும் இப்போதே எழுதிக்கொள்ளலாம்.